வைரஸ் சுவாச நோய்களில் வயதும் பாலினமும்: ஆண்கள்தான் அதிகம் இறக்கிறார்களா?

நெய்தல்நிலவன்

கோவிட் பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கையை அண்மையில் மீண்டும் படித்தேன். பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட 44,672 பேரில் 2.3 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஆண்களைத் தனியே எடுத்துக்கொண்டால் 2.8 விழுக்காடு, பெண்களைத் தனியே எடுத்துக்கொண்டால் 1.7 விழுக்காடு. எழுபதுகளில் இருந்தவர்களில் 8 விழுக்காடும், எண்பதைத் தொட்டவர்களில் 14.8 விழுக்காடும் உயிரிழந்திருக்க, ஒன்பது வயது வரையிலான குழந்தைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2003-ல் ஹாங்காங்கில் சார்ஸ் பரவியபோதும் ஆண் நோயாளிகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரும் பெண் நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரும் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

இவற்றை வைத்து, சுவாசத்தைத் தாக்கும் வைரஸ்களை எதிர்கொள்வதில் ஆண் உடல் பொதுவாகவே பலவீனமானது என்று முடிவுகட்டலாமா? வயது, பாலினம் ஆகிய இரண்டில் எது பெரிய காரணம்? இத்துறைகளில் படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். செய்தித் தலைப்புகளை ஒட்டாமல், காரணங்களோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

எண்ணும்எழுத்தும்

இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு, கோவிட்டைப் பொறுத்தவரை, ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. வயதுதான் பெரியது. தொற்றியவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை, தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2020-ல் கணக்கிட்டார்கள். பத்து வயதில் 0.002 விழுக்காடு, இருபத்தைந்தில் 0.01, ஐம்பத்தைந்தில் 0.4, அறுபத்தைந்தில் 1.4, எழுபத்தைந்தில் 4.6, எண்பத்தைந்தில் 15 விழுக்காடு என்று அந்த வரிசை ஏறுகிறது. நடுவயதைக் கடந்த பின் ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. இடையில் எந்த வயதிலும் ஒரு படிக்கட்டு இல்லை. அறுபது வயதைத் தாண்டினால் ஆபத்து, தாண்டாவிட்டால் இல்லை என்பதுபோல நாம் பேசிக்கொண்டது நிர்வாக வசதிக்கான கோடு மட்டுமே.

பாலினத்தின் பங்குக்கு வருவோம். இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஓப்பன்சேஃப்லி ஆய்வில், வயதையும் இணைநோய்களையும் கணக்கில் கொண்ட பிறகும், ஆண்களின் இறப்பு ஆபத்து பெண்களைவிட ஏறத்தாழ 1.6 மடங்காக இருந்தது. அதே ஆய்வில், ஐம்பதுகளில் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், எண்பதைக் கடந்தவர்களின் ஆபத்து 20 மடங்குக்கும் மேல். இந்த 1.6 மடங்கை முன்சொன்ன வயது ஏற்றத்தோடு பொருத்திப் பார்த்தால், ஆணாக இருப்பதன் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ நான்கு வயது மூத்தவராக இருப்பதற்குச் சமம் என்று வருகிறது. இது நான் போட்ட தோராயக் கணக்கு. இரண்டு வெவ்வேறு அளவைகளைக் கலந்திருக்கிறேன் என்பதால், பருமனை உணர்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே ஒரு செய்தி இருக்கிறது. பெருந்தொற்றே இல்லாத சாதாரண ஆண்டிலும், ஒருவர் அந்த ஆண்டுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு வயதோடு இதேபோலத்தான் மடங்கு மடங்காக ஏறுகிறது. அங்கும் ஒவ்வொரு வயதிலும் ஆண்களின் கோடு பெண்களின் கோட்டுக்கு மேலேயே செல்கிறது. பிரிட்டனின் புள்ளியியலர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2020-லேயே இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். ஆகவே, கோவிட்டில் நாம் கண்ட ஆண்-பெண் இடைவெளியின் ஒரு பகுதி, எந்த நோயிலும் ஆண்கள் சற்று முன்னதாகவே வீழ்வதன் தொடர்ச்சியாக இருக்கலாம். அந்த வைரஸுக்கே உரிய பகுதி எவ்வளவு என்பதைப் பிரித்தெடுத்த பிறகுதான் நோயெதிர்ப்பு மண்டலத்தைக் குறைசொல்ல வேண்டும்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் சீனாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டபோது, இத்தாலியின் மொத்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, சீனாவினுடையது 2.3. ஆனால் பத்துப் பத்து வயதாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவைவிடக் குறைவு. இத்தாலியில் உறுதிசெய்யப்பட்டவர்களில் முதியவர்கள் மிக அதிகம் என்பதே இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம். ஆண்-பெண் ஒப்பீட்டிலும் இதே பொறி இருக்கிறது. எண்பது வயதைக் கடந்தவர்களில் பெண்களே அதிகம் என்பதால், முதியோர் நிறைந்த நாடுகளில் இறந்த பெண்களின் எண்ணிக்கை இறந்த ஆண்களின் எண்ணிக்கைக்கு அருகில் வந்து நிற்கும்; அதைப் பார்த்து இடைவெளியே இல்லை என்று சொல்லிவிடலாம். வயது வாரியாகப் பிரித்தவுடன் இடைவெளி வெளிப்பட்டுவிடும்.

குறிஞ்சிமருத்துவர்

நுரையீரல் மருத்துவப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் உயிரியல் பக்கத்தைச் சொல்கிறேன். மேலே நண்பர் சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனாலும் நோயெதிர்ப்பு மண்டலத்தில் உண்மையான வேறுபாடு இருக்கிறது, அது அளந்து காட்டப்பட்டும் இருக்கிறது.

வைரஸ் உடலில் நுழைந்ததும் முதலில் செயல்படுவது இன்டர்ஃபெரான் என்னும் புரதக் குழு. அது எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு அதிகமாகவும் சுரக்கிறது என்பதே பல நேரங்களில் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை அடையாளம் கண்டு இந்தச் சுரப்பைத் தூண்டும் உணரிகளில் ஒன்று டி.எல்.ஆர்.7. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் செல்களில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று பெரும்பாலும் அடக்கி வைக்கப்பட்டிருந்தாலும், இந்த மரபணு சில செல்களில் அந்த அடக்குமுறைக்குத் தப்பி இரண்டு பிரதிகளிலிருந்தும் இயங்குகிறது. அதனால் பெண்களின் குறிப்பிட்ட சில வெள்ளையணுக்கள், அதே தூண்டலுக்கு ஆண்களினுடையதைவிடக் கூடுதல் இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன.

இதற்கு மனிதரிடமிருந்தே நேரடிச் சான்று கிடைத்தது. 2020-ல் நெதர்லாந்தில், அதுவரை நல்ல உடல்நலத்தோடு இருந்த நான்கு இளைஞர்கள், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த சகோதரர்கள், கடுமையான கோவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள், ஒருவர் இறந்தார். நால்வரிடமும் டி.எல்.ஆர்.7 மரபணு செயலிழந்திருந்தது. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ் என்பதால், அதில் பழுது இருந்தால் ஈடுசெய்ய மாற்றுப் பிரதி கிடையாது. இத்தகைய மரபணுப் பழுது அரிது. பெரும்பாலான ஆண்களின் இறப்பை இது விளக்காது. ஆனால் அந்தப் பாதை எவ்வளவு முக்கியமானது என்பதை இது காட்டிவிட்டது.

இதைவிட என்னை வியக்கவைத்தது, அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு கண்டுபிடிப்பு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கோவிட் நோயாளிகளைச் சோதித்தபோது, 101 பேரின் இரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அறிகுறியே இல்லாமலோ இலேசாகவோ தொற்றிய 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தன் உடலைத் தானே தாக்கும் நோய்கள், லூபஸ், முடக்குவாதம் போன்றவை, பெரும்பாலும் பெண்களைத்தான் பாதிக்கும் என்று படித்துப் பழகிய எங்களுக்கு இது முற்றிலும் எதிர்பாராதது. பிறகு பொதுமக்களிடம் விரிவாகச் சோதித்தபோது, இந்த எதிர்ப்பொருள்கள் எழுபது வயதுக்குப் பிறகு சட்டென்று பெருகுவதும் தெரியவந்தது. கோவிட்டால் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அவை இருந்தன.

வயதா பாலினமா என்று கேட்டீர்கள். இந்த ஓர் எடுத்துக்காட்டில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. முதுமை வந்த பிறகே பெருகும் குறைபாடு அது. அதுவும் ஆண்களிடமே மிகுதி. இரண்டையும் தனித்தனி எண்களாகப் பிரித்து எது பெரியது என்று கேட்பது கணக்குக்குச் சரி, உடலுக்குள் அப்படிப் பிரிந்து இயங்குவதில்லை.

ஆவணக்காப்பாளன்

இந்த உரையாடலில் எல்லோரும் கோவிட்டையே பேசுவதால், அதன் வயதுக் கோட்டையே இயற்கை விதி என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்சா அந்த விதிக்கு அடங்காதது.

வழக்கமான ஃப்ளூ ஆண்டுகளில் குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் இறப்பார்கள். நடுவில் உள்ளவர்கள் தப்பிப்பார்கள். 1918-ல் இந்த இரு முனைகளோடு, நடுவில் மூன்றாவது முகடு ஒன்று எழுந்தது. அதன் உச்சி ஏறத்தாழ 28 வயதில் இருந்தது. வேலை செய்து குடும்பத்தைக் காத்த வயதினர் வீழ்ந்தார்கள். அமெரிக்காவில் அந்த ஓராண்டில் மட்டும் சராசரி ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சரிந்தது. அறுபதுகளில் இருந்தவர்களோ முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுகையில் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 1889-ல் தொடங்கிய முந்தைய பெருந்தொற்றின்போதோ அதை ஒட்டியோ பிறந்தவர்களின் உடல், முதன்முதலில் சந்தித்த வைரஸ் வேறு வகையாக இருந்ததால், 1918-ன் வைரஸை எதிர்கொள்ளத் தவறியது என்பது இன்று வலுவாக முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று.

பாலினத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் 1918-ல் ஆண்கள் பெண்களைவிட அதிகம் இறந்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே ஆண்-பெண் ஆயுள் இடைவெளி சுருங்கியது. காசநோய் இறப்பும், குறிப்பாக ஆண்களிடையே, வேகமாகக் குறைந்தது. காசநோயால் ஏற்கெனவே நுரையீரல் சேதமுற்றிருந்த ஆண்களை ஃப்ளூ முன்கூட்டியே கொண்டுபோய்விட்டது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியானால், அங்கே வெளிப்பட்டது ஃப்ளூவுக்கும் ஆண் உடலுக்கும் உள்ள உறவு என்பதைவிட, தொழிற்கூடங்களிலும் நெரிசலிலும் ஆண்களிடம் காசநோய் மிகுந்திருந்த ஒரு காலத்தின் அடையாளம்.

அதே வைரஸ் இந்தியாவுக்கு வந்தபோது திசை மாறியது. 1918 ஜூனில் பம்பாயில் தோன்றி, செப்டம்பரிலிருந்து கொடூரமடைந்த அந்த நோயில், பம்பாய் மாகாணத்தில் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களில் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களை மிஞ்சியது. மழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்த ஆண்டு அது. கடைசியாக உண்பவர்களும், படுத்துக்கிடப்பவர்களின் அருகிலேயே இருந்து பணிவிடை செய்பவர்களும், தாங்கள் காய்ச்சலில் விழுந்த பின்னும் ஓய்வில்லாதவர்களும் பெண்களாகவே இருந்தார்கள். நாடு முழுவதும் 1.2 கோடி முதல் 2 கோடி வரை மக்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் மக்கள்தொகை 25.21 கோடியிலிருந்து 25.13 கோடியாகக் குறைந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 964 பெண்கள் என்றிருந்தது 955 ஆனது. பெண் விகிதம் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த நோயையும் அவற்றோடு சேர்க்காமல் அந்தப் பத்தாண்டைப் படிக்க முடியாது.

ஒரே வைரஸ், ஒரே ஆண்டு. ஒரு நாட்டில் ஆண்கள், இன்னொரு நாட்டில் பெண்கள். எக்ஸ் குரோமோசோம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதானே?

செவ்வந்தி

குழந்தைகள் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக இருந்தவள். இங்கே முதியவர்களைப் பற்றிய பேச்சே அதிகமாக இருப்பதால், வயதின் மறுமுனையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸைப் பெரியவர்கள் சாதாரணச் சளி என்று கடந்துவிடுவார்கள். கைக்குழந்தைகளின் மூச்சுநுண்குழல்களில் அது வீக்கத்தையும் சளி அடைப்பையும் உண்டாக்கும். 2019-ல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் ஆண் குழந்தைகள் அதிகம் என்பது பல நாடுகளிலும் காணப்படும் ஒன்று. இந்த வயதில் புகைப்பழக்கமும் இல்லை, தொழில் வேறுபாடும் இல்லை, பருவ வயதின் ஹார்மோன்களும் இல்லை. கருவிலேயே ஆண் சிசுக்களின் நுரையீரல் முதிர்ச்சி சற்றுத் தாமதமாவதும், உடல் அளவோடு ஒப்பிட்டால் அவர்களின் மூச்சுக்குழல் குறுகலாக இருப்பதும் முதன்மைக் காரணங்கள். சிறு குழல் இன்னும் சிறிது வீங்கினாலும் காற்று செல்லும் வழி பெருமளவு அடைபடும்.

(நம் நாட்டில் இதோடு இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண் குழந்தைக்கு மூச்சு இரைத்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள், பெண் குழந்தை என்றால் ஒருநாள் பார்ப்போம் என்று இருந்துவிடுவதை வார்டில் பணிபுரிந்த எவரும் மறுக்க மாட்டார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் ஆண் குழந்தைகள் அதிகமாகத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.)

பெண்களைப் பொறுத்தவரை, எந்தப் பட்டியலிலும் ‘பெண்’ என்ற ஒரே சொல்லுக்குள் கர்ப்பிணியையும் அடைத்துவிடுகிறார்கள். 2009-ல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், அந்த நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்தார்கள். வயிறு பெருகி உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது; கருவை ஏற்றுக்கொள்வதற்காக நோயெதிர்ப்பின் போக்கும் மாறுகிறது; இதயத்தின் வேலையும் கூடுகிறது. அந்த வயதுப் பெண்களுக்குப் பொதுவாக இருக்கும் சாதகம் ஒன்பது மாதங்களுக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

நெய்தல்நிலவன்

செவ்வந்தி அம்மா குழந்தைகளைப் பற்றிச் சொன்னது நான் அறியாத செய்தி. மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஈஸ்ட்ரோஜன் பெண்களைக் காக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு எதிராக வேலைசெய்கிறது என்று 2020-ல் நிறையப் படித்தோம். நுரையீரல் செல்லுக்குள் கோவிட் வைரஸ் நுழைய உதவும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதியை ஆண் ஹார்மோன்தான் கட்டுப்படுத்துகிறது என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் ஆண் ஹார்மோனைக் குறைத்தே ஆண்களைக் காப்பாற்றியிருக்கலாமே?

குறிஞ்சிமருத்துவர்

முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், கோவிட்டால் சேர்க்கப்பட்ட ஆண்களுக்கு டெகாரெலிக்ஸ் என்ற ஆண் ஹார்மோன் ஒடுக்கும் மருந்தைக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். பயன் எதுவும் தெரியவில்லை. ஸ்வீடனில் என்சலூட்டமைடு என்ற மருந்தோடு செய்த ஆய்வில், மருந்து பெற்றவர்கள் மருத்துவமனையில் இன்னும் அதிக நாள் இருக்க வேண்டியதாயிற்று. புரோஸ்டேட் செல்களில் அந்த நொதியை ஆண் ஹார்மோன் கட்டுப்படுத்துவது உண்மை. நுரையீரலிலும் அதே அளவுக்கு அப்படித்தான் என்று நினைத்தது அவசரம்.

எலிகளில் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், ஹார்மோனின் திசைகூட வைரஸுக்கு வைரஸ் மாறுவது புரியும். சார்ஸ் வைரஸைச் செலுத்தியபோது ஆண் எலிகள் அதிகம் இறந்தன. பெண் எலிகளின் சினைப்பையை அகற்றினாலோ, ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுத்தாலோ அவற்றின் சாவும் கூடியது. ஆனால் ஆண் எலிகளின் விரைகளை அகற்றியதால் எந்த மாற்றமும் இல்லை. ஆக, அங்கே ஆண் ஹார்மோன் குற்றவாளி அல்ல, பெண் ஹார்மோன் காவலாளி. இன்ஃபுளூயன்சாவைச் செலுத்தியபோதோ பெண் எலிகளே அதிகம் நோயுற்று இறந்தன. வைரஸின் அளவு இரு பாலிலும் ஒன்றாகவே இருந்தும், பெண் எலிகளின் நுரையீரலில் அழற்சி மிகுந்து, அந்த அழற்சியே உயிரைப் பறித்தது. ஒரு வைரஸில் காக்கும் வேகமான எதிர்வினை இன்னொன்றில் சேதம் செய்கிறது. ஆண் உடல் பொதுவாகவே பலவீனமானதா என்ற உங்கள் முதல் கேள்விக்கு, ‘எந்த வைரஸ், எந்த வயது என்று சொல்லுங்கள்’ என்பதே என் பதில்.

தெற்குவீதி

புகைபிடிப்பதை ஏன் யாரும் பேசவில்லை? சீனாவில் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் புகைப்பவர்கள். பெண்களில் மிகச் சிலரே. ஆண்கள் வெளியே செல்கிறார்கள், முகக்கவசம் அணியச் சுணங்குகிறார்கள், மூச்சு முட்டும்வரை மருத்துவரிடம் போவதில்லை. மரபணுவுக்குப் போகும் முன் இவற்றைப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

எண்ணும்எழுத்தும்

பார்க்க வேண்டும், ஆனால் போதாது. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் புகைக்கும் ஐரோப்பிய நாடுகளிலும் இடைவெளி இருந்தது. உலகெங்குமிருந்து 31 லட்சம் நோயாளிகளின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வில், தொற்று உறுதியானவர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி. ஆனால் ஆண்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் வாய்ப்பு 2.84 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 1.39 மடங்கு. வெளியே செல்வதுதான் காரணம் என்றால் தொற்றிலேயே அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

அதே நேரத்தில், உங்கள் பக்கமும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் இந்த இடைவெளி மாநிலத்துக்கு மாநிலம், மாதத்துக்கு மாதம் ஒரே அளவில் இல்லை. மிச்சிகன், ஜார்ஜியா மாநிலங்களில் கறுப்பினப் பெண்களின் கோவிட் இறப்பு விகிதம் வெள்ளையின ஆண்களைவிட அதிகமாக இருந்தது. எந்த வேலை, எந்த வீடு, எந்த மருத்துவ வசதி என்பவை பாலினத்தின் பங்கை மூழ்கடித்துவிடுகின்றன.

இந்தியத் தரவைப் படிப்பதிலும் இதே சிக்கல் வருகிறது. 2020 மே மாதம் வரையிலான எண்களைக் கொண்டு செய்த ஒரு கணக்கில், இறந்தவர்களில் ஆண்களே அதிகம் என்றாலும், உறுதிசெய்யப்பட்டவர்களில் இறப்பவர்களின் விகிதம் பெண்களுக்கு 3.3 விழுக்காடாகவும் ஆண்களுக்கு 2.9 விழுக்காடாகவும் வந்தது. இந்தியப் பெண்கள் உயிரியல் விதிக்கு விலக்கா என்று சிலர் எழுதினார்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால் புதிர் பெரும்பாலும் அவிழும். தமிழ்நாட்டு சுகாதாரத் துறையின் அன்றாடச் செய்திக்குறிப்புகளில் உறுதிசெய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஆண்கள். இலேசான காய்ச்சலோடு வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறிய பெண்கள் கணக்கில் ஏறவில்லை. முற்றிய நிலையில் வந்தவர்கள் மட்டும் ஏறினார்கள். வகுக்கும் எண் சிறியதானால் விகிதம் பெரிதாகத்தானே தெரியும்.

நம் பகுதியிலிருந்தே கிடைத்த நல்ல தரவு ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப்பணியாளர்கள் தொடர்பறிந்து சேகரித்த தகவல்களை வைத்து, 84,965 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 5 முதல் 17 வயதில் 0.05 விழுக்காடாகத் தொடங்கி, 85-ஐக் கடந்தவர்களில் 16.6 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது வயதின் ஏற்றம் இங்கும் உண்டு. ஆனால் செல்வந்த நாடுகளைப் பார்த்து எதிர்பார்த்ததைவிட, நோயாளிகளும் இறந்தவர்களும் இளைய வயதினராக இருந்தார்கள். மக்கள்தொகையின் வயது அமைப்பு வேறு என்பதைச் சரிசெய்த பிறகும் அப்படியே. ஐம்பதுகளிலேயே சர்க்கரை நோயோடும் இரத்த அழுத்தத்தோடும் வாழும் ஒரு சமூகத்தில் இது வியப்பல்ல என்பது என் ஊகம்.

ஆவணக்காப்பாளன்

வயது என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று உடலின் முதுமை: மார்புக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்கி, புதிய வைரஸை அடையாளம் காணும் டி அணுக்கள் குறைவது. மற்றொன்று, பிறந்த ஆண்டு. ஒருவர் சிறுவயதில் முதன்முதலாகச் சந்தித்த இன்ஃபுளூயன்சா வகை அவருடைய நோயெதிர்ப்பு நினைவில் வாழ்நாள் முழுவதும் பதிகிறது.

பறவைக் காய்ச்சல்களில் இது துல்லியமாகத் தெரிந்தது. எச்5என்1 இளையவர்களை அதிகம் கொன்றது. 2013-ல் சீனாவில் தோன்றிய எச்7என்9 முதியவர்களை, அவர்களிலும் பெரும்பாலும் ஆண்களை. 1968-க்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் சந்தித்தவை எச்5-க்கு உறவான வகைகள். 1968-ல் எச்3என்2 வந்த பிறகு பிறந்தவர்கள் பெரும்பாலும் சந்தித்தது எச்7-க்கு உறவான வகை. அந்த ஓர் ஆண்டை எல்லையாக வைத்து, யாருக்கு எதிலிருந்து பாதுகாப்பு என்பதைப் பெருமளவு கணிக்க முடிந்தது. 2009-ன் எச்1என்1-ல் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 65 வயதுக்குட்பட்டவர்கள் என்று மதிப்பிட்டதற்கும் இதே காரணம்: 1950-களுக்கு முன் பிறந்தவர்கள் அதன் உறவினரைச் சிறுவயதிலேயே பார்த்திருந்தார்கள். கோவிட் யாருக்குமே புதிது என்பதால், முதுமை மட்டும் தனித்து நின்று அவ்வளவு ஒழுங்கான கோட்டை வரைந்தது.

செவ்வந்தி

இறப்பை மட்டுமே விளைவு என்று எடுத்துக்கொண்டால் பெண்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று தோன்றும். பிழைத்த பிறகு மாதக்கணக்கில் தொடரும் களைப்பு, மூச்சிரைப்பு, மூளை மந்தம் ஆகியவற்றோடு வருபவர்களில் பெண்களே அதிகம். அதுவும் நடுவயதுப் பெண்கள். வீட்டில் ‘காய்ச்சல்தான் போய்விட்டதே’ என்பார்கள்.

நெய்தல்நிலவன்

கடைசியாக ஒன்று. இவ்வளவு வேறுபாடு இருக்கையில், தடுப்பூசியை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாற்றிக் கொடுக்கிறார்களா?

குறிஞ்சிமருத்துவர்

வயதுக்கு ஏற்ப, ஆம். 65-ஐக் கடந்தவர்களுக்கு நான்கு மடங்கு வீரியம் கொண்ட ஃப்ளூ தடுப்பூசி பல நாடுகளில் இருக்கிறது. பாலினத்துக்கு ஏற்ப அளவை மாற்றுவது நடைமுறையில் இல்லை. ஆனால் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதி அளவு ஃப்ளூ தடுப்பூசி பெற்ற பெண்களுக்கு, முழு அளவு பெற்ற ஆண்களுக்கு நிகரான எதிர்ப்பொருள் உருவானது. பெண்களுக்குள்ளேயே வேறுபாடு பரந்து கிடப்பதால், அதைக் கொண்டு அளவைக் குறைக்கும் துணிச்சல் எவருக்கும் வரவில்லை. அது சரியென்றே நானும் நினைக்கிறேன்.

வயதையும் பாலினத்தையும் சேர்த்து முடிவெடுத்ததற்கு எனக்குத் தெரிந்த தெளிவான எடுத்துக்காட்டு பின்லாந்து. கோவிட்டுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்குப் பின் அரிதாக ஏற்பட்ட இதயத்தசை அழற்சி, இளம் ஆண்களிடமே மிகுதியாக இருந்தது. 2021 அக்டோபரில் பின்லாந்து, 30 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மட்டும் மாடர்னாவை நிறுத்திவிட்டு ஃபைசரைக் கொடுக்க முடிவெடுத்தது. அதே வாரத்தில் ஸ்வீடன், 1991-லும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும், ஆண் பெண் என்று பிரிக்காமல், அதை நிறுத்தி வைத்தது.